மதிப்பிடும் மனிதர்களை நம் மாணவர்கள் ஆராய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முதுகலை இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் புராஜெக்ட் ஏடுகளைப் பைண்டிங் செய்து சமர்ப்பிக்கும் காலம் இது. புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், உளவியல், கல்வியியல், வணிகவியல், வேளாண்மை எனப் பல துறைகளின் மாணவர்கள் தாங்கள் திரட்டிய தரவுகளைப் பகுத்துப் பார்க்க உதவி கேட்டு ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். அவர்களது உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவரும் ஏடுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரு வினாப்பட்டியலும், அதில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பது வரை ஐந்து கட்டங்களும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விட்டுப் பெற்ற விடைகளும்தான். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே என்ன நினைக்கிறார் என்பது அதில் தெரியவரும். அவர் தம் தொழிலில் ஒரு பொருளையோ ஒரு மனிதரையோ பார்த்து எப்படி முடிவெடுக்கிறார், அந்த முடிவு எந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது, அதே பொருளை மறுவாரம் காட்டினால் அதே முடிவைத்தான் சொல்வாரா என்பவை அதில் தெரியவரமாட்டா. இந்த இரண்டாவது வகை ஆய்வை நம் கல்லூரி மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும் என்று வேண்டுவதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம்மைச் சுற்றி மனிதக் கண்ணையும் கையையும் நாக்கையும் நம்பி நடக்கும் மதிப்பீடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஈரோட்டில் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் மாதிரி பார்த்து வியாபாரிகள் விலை குறிக்கிறார்கள். குன்னூரில் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்கிறார்கள். வங்கியில் அடகுக்கு வரும் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஒருவர் நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆசிரியர் ஒருவர் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மூன்றரை போடுகிறார். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானமோ ஒரு பிள்ளையின் கல்லூரி இடமோ இருக்கிறது. இவ்வளவு கனமான காரியங்களைச் செய்பவர்களின் மதிப்பீட்டுத் திறனைப் பற்றி நம்மிடம் அளந்து பார்த்த அறிவு மிகக் குறைவு. இருப்பவை பெரும்பாலும் புகார்களும், அப்புகார்களுக்குச் சொல்லப்படும் மறுப்புகளும்தான்.

மாணவர்களால் இத்தகைய ஆய்வைச் செய்ய இயலுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்காட்டலாம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மக்காச்சோளக் கண்காட்சிகள் பெருவிழாக்களாக நடந்தன. கதிரின் நீளம், உருட்சி, மணி வரிசைகளின் நேர்த்தி, நுனிவரை மணி பிடித்திருக்கும் அழகு ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் பரிசு வழங்கினார்கள். பரிசு பெற்ற கதிரின் விதையே நன்றாக விளையும் என்று உழவர்கள் நம்பினார்கள். அந்த மதிப்பீட்டு முறையை ஊர் ஊராகச் சென்று பரப்பியவர் பெர்ரி ஹோல்டன் என்ற பேராசிரியர். 1904ஆம் ஆண்டில் ஹென்றி வாலஸ் என்ற பள்ளி மாணவர் அவரிடமே கதிர்களைப் பெற்று, ஒவ்வொரு கதிரின் விதையையும் தனித்தனியாக விதைத்து, அறுவடையைத் தனித்தனியாக எடை போட்டார். ஹோல்டன் முதலிடத்துக்கு உரியதாகக் கருதிய கதிர், விளைச்சலில் கடைசி வரிசையில் நின்றது. அந்தப் பிள்ளை பின்னாளில் கலப்பின மக்காச்சோள விதை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1933இல் அமெரிக்க வேளாண்மைச் செயலராகவும், 1941இல் அந்நாட்டின் துணை அதிபராகவும் ஆனார். அவர் அடைந்த பதவிகளைக் காட்டிலும் என் மனத்தில் நிற்பது அந்த ஆய்வின் எளிமைதான். அதற்குத் தேவைப்பட்டவை கொஞ்சம் நிலமும், ஒரு தராசும், பெரியவர் சொன்னதைப் பணிவோடு சோதித்துப் பார்க்கும் எண்ணமும் மட்டுமே.

அதே மாநிலத்தில் 1917இல் ஹியூஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. அனுபவமிக்க நடுவர்கள் நூற்றுக்கணக்கான கதிர்களைத் தனித்தனியாகப் பார்த்து ஒவ்வொன்றும் எவ்வளவு விளையும் என்று மதிப்பிட்டார்கள். பிறகு அந்தக் கதிர்களின் விதை விதைக்கப்பட்டு உண்மையான விளைச்சல் கணக்கிடப்பட்டது. நடுவர்களின் மதிப்பீடுகள் ஒன்றோடொன்று பெரிதும் ஒத்துப்போயின. விளைந்த விளைச்சலோடு சொற்ப அளவே ஒத்துப்போயின. வாலஸ் 1923இல் அந்தத் தரவுகளை மீண்டும் எடுத்து, நடுவர்கள் எந்தப் பண்புக்கு எவ்வளவு முக்கியத்துவம் தந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டபோது, கதிரின் நீளமே அவர்களது முடிவைப் பெரிதும் நடத்தியிருந்தது தெரியவந்தது. பத்துப் பேர் ஒரே குரலில் சொல்வதால் மட்டும் ஒரு மதிப்பீடு சரியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. பத்துப் பேரும் ஒரே பள்ளியில், ஒரே பாடத்தை, ஒரே ஆசிரியரிடம் கற்றவர்களாக இருந்தால் அவர்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை.

இத்துறையில் தொடர்ந்து மாணவர்களைக் கொண்டு வேலை செய்த இடம் என்று கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். அது கோதுமையும் கால்நடையும் நிறைந்த பகுதி. அங்கிருந்த ஆய்வாளர்கள் தங்கள் ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதையே ஆய்வுப் பொருளாக்கினார்கள். 1962இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உரிமம் பெற்ற கோதுமைத் தர ஆய்வாளர்களிடம் தரம் முன்பே அறியப்பட்ட மாதிரிகள் தரப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத் தவறான தரம் சொல்லப்பட்டது. அதே மாதிரிகள் மறுமுறை வந்தபோதும் ஏறத்தாழ அதே அளவுக்கு அவர்கள் முன்பு சொன்ன தரத்தை மாற்றிச் சொன்னார்கள். அனுபவம் கூடியவர்களிடம் தன்னம்பிக்கை கூடியிருந்தது; துல்லியம் அதற்கேற்பக் கூடியிருக்கவில்லை.

பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஷாண்டோ, நிபுணர்களைக் குறை காண்பதோடு நிற்காமல் அவர்களது திறமையையும் நேர்மையாக அளக்க முற்பட்டார். எவ்வளவு பெரிய நிபுணரானாலும் இரண்டு மூன்று அறிகுறிகளை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறார் என்பது அன்றைய பொதுக்கருத்து. ஷாண்டோவின் மாணவி ரூத் ஃபெல்ப்ஸ், இனப்பெருக்கத்துக்கான பெண் பன்றிகளைத் தரம் பிரிக்கும் நடுவர்களிடம் இதைச் சோதித்தார். பன்றியின் பதினொரு பண்புகளைத் தனித்தனியாக எழுத்தில் விவரித்துத் தந்தபோது, நடுவர்கள் ஒன்பது முதல் பதினொரு பண்புகளைத் தங்கள் முடிவில் பயன்படுத்தினார்கள். புகைப்படத்தைத் தந்தபோதோ மிகச் சிலவற்றையே பயன்படுத்தியதுபோலக் கணக்கில் தெரிந்தது. உண்மையான விலங்கில் பண்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருவதால், எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பதைக் கணக்கால் பிரித்தெடுக்க முடியாமல் போனதே அதற்குக் காரணம். குறை இருந்தது ஆய்வு முறையில். நடுவரின் அறிவில் இல்லை. 1978இல் வெளிவந்த இந்த ஆய்வை நம் மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பேன். தொழில் தெரிந்தவரை அளக்கப் போகிறவர், தம் அளவுகோலையும் சேர்த்தே சந்தேகிக்கக் கற்க வேண்டும்.

மண் மதிப்பீட்டாளர்களை வைத்து கேரி கேத் என்ற ஆய்வாளரும் ஷாண்டோவும் செய்த ஆய்வு 1984இல் வெளியானது. மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து மணல், வண்டல், களி எவ்வளவு என்று சொல்பவர்கள் அவர்கள். சரளைக்கல்லோ கூடுதல் ஈரமோ மண்ணில் கலந்திருந்தால், அவற்றுக்கும் மண்ணின் வகைக்கும் தொடர்பில்லை என்று தெரிந்திருந்தும், அனுபவசாலிகளின் மதிப்பீடு தடம் மாறியது. அதைத் திருத்த இரு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. வகுப்பில் உட்காரவைத்து விளக்கிச் சொன்னதைவிட, மண்ணைக் கையில் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, விடையைச் சொல்லி, மறுபடியும் செய்யவைத்த பயிற்சியே கூடுதல் பலன் தந்தது. நம் அரசுத் துறைகள் நடத்தும் ஒருநாள் பயிற்சி முகாம்களில் எது நடக்கிறது என்பதை அவற்றில் கலந்துகொண்டவர்கள் அறிவார்கள்.

எல்லாத் தொழிலிலும் அனுபவம் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. 1992இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஷாண்டோ, வானிலைக் கணிப்பாளர்கள், கால்நடை நடுவர்கள், சதுரங்க வல்லுநர்கள் போன்றோரைத் திறம்படச் செய்பவர்களின் பட்டியலிலும், மாணவர் சேர்க்கை அதிகாரிகள், ஆள் தேர்வு செய்வோர், பங்குத் தரகர்கள் போன்றோரை அவ்வளவாகச் சோபிக்காதவர்களின் பட்டியலிலும் வைத்தார். டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதியபோது காரணத்தைத் தெளிவாகச் சொன்னார்கள்: பார்க்கும் பொருளில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், தாம் சொன்னது சரியா தவறா என்பது சொன்னவருக்கு விரைவில் தெரியவர வேண்டும். நாளை மழை என்று சொன்னவருக்கு மறுநாளே விடை கிடைத்துவிடுகிறது. நேர்காணலில் ஒருவரை நிராகரித்தவருக்கு, அந்த மனிதர் வேறிடத்தில் எப்படி வேலை செய்தார் என்பது கடைசிவரை தெரிவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்த் தொழில்களைப் பார்த்தாலே பல ஆய்வுத் தலைப்புகள் கிடைக்கும். அயோவாவும் கான்சாஸும் தங்கள் மக்காச்சோளத்தையும் கோதுமையையும் எடுத்துக்கொண்டதுபோல, காவிரிப் படுகையில் இருக்கும் நாம் நெல்லை எடுத்துக்கொள்வதே முறை.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்வு தருவதும் உண்டு. அதற்குக் கருவி இருக்கிறது. கருவி எண்ணைக் காட்டிவிடும். ஆனால் நிறம் மாறிய, முளைவிட்ட, சேதமான மணிகள் எவ்வளவு, பதரும் கருக்காயும் எவ்வளவு என்பதை அன்றாட நடைமுறையில் கண்தான் சொல்கிறது. பட்டியல் எழுத்தர் குவியலின் ஓரத்தில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, எஞ்சியதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஓரிரு மணியைப் பல்லில் கடித்தும் பார்க்கிறார். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. எதிரில் நிற்கும் விவசாயியின் கண், நெல்லின் மேல் இல்லை. எழுத்தரின் முகத்தின் மேல் இருக்கிறது. தூற்றிக் கொண்டுவா என்கிறாரா, காயவை என்கிறாரா, எடை போடு என்கிறாரா என்பதில் அந்தக் குடும்பம் இன்று வீடு திரும்புமா, இன்னும் சில இரவுகள் சாலையோரத்தில் தார்ப்பாயோடு காத்திருக்குமா என்பது அடங்கியிருக்கிறது.

இதை ஒரு முதுகலை மாணவர் எப்படி ஆராயலாம்? முப்பது நெல் மாதிரிகளைச் சேகரிக்கலாம். ஒவ்வொன்றிலும் சேதமான மணிகளையும் பதரையும் தனியே பிரித்து எடை போட்டு, ஈரத்தை ஆய்வகத்தில் உலர்த்திக் கணக்கிட்டு, உண்மை நிலையை முதலில் பதிவு செய்துகொள்ளலாம். அவற்றில் பத்து மாதிரிகளை இரண்டாகப் பிரித்து வேறு வேறு எண்ணிட்டுக் கலந்துவிட்டால், ஒரே நெல்லுக்கு ஒரே மனிதர் இருமுறை என்ன சொல்கிறார் என்பது அவர் அறியாமலே தெரிந்துவிடும். பல ஆண்டு அனுபவமுள்ள எழுத்தர்கள், இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், விவசாயிகள் என நான்கு தரப்பாரையும் ஒரே மாதிரிகளைப் பார்க்கச் சொல்லலாம். காலை வெயிலில் ஒருமுறையும் மாலையில் மின்விளக்கின் அடியில் ஒருமுறையும் பார்க்கச் செய்தால், நிறத்தைப் பற்றிய முடிவு வெளிச்சத்தைப் பொறுத்து மாறுகிறதா என்பது தெரியும். ஈரப்பதக் கருவியின் எண்ணைப் பார்த்த பிறகு, ஈரத்தோடு தொடர்பில்லாத மற்றக் குறைகளும் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிகின்றனவா என்று சோதிக்கலாம். இதற்கு ஆகும் செலவு, நூறு வினாப்பட்டியலை அச்சிட்டுக் கொடுத்து வாங்கும் செலவைவிடப் பெரிதாக இராது.

கணக்குப் பகுதியிலும் மாணவர்கள் மிரள வேண்டியதில்லை. ஆனால் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். இரு மதிப்பீட்டாளர்கள் நூற்றுக்கு எண்பத்திரண்டு மூட்டைகளில் ஒத்துப்போனார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் மகிழ்ந்துபோவார்கள். இருவரும் நூற்றுக்குத் தொண்ணூறு மூட்டைகளை ஏற்றுப் பத்தை ஒதுக்குபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் நெல்லைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்தாலும், இருவரும் ஏற்பவை எண்பத்தொன்று, இருவரும் ஒதுக்குபவை ஒன்று என, தற்செயலாகவே எண்பத்திரண்டில் ஒத்துப்போவார்கள். இந்தத் தற்செயல் பங்கைக் கழித்துப் பார்ப்பதற்காகத்தான் ஜேகப் கோஹன் 1960இல் காப்பா என்ற அளவையை உருவாக்கினார். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம். மேற்கண்ட இருவருக்கும் அதன் மதிப்பு சுழியம்.

விடைத்தாள் திருத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எம்.எட். மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இருவரும் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்திய அந்த ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் கிடைத்தன. மொழிப்பாடம் என்பதால் அப்படி என்று சிலர் சொல்லவே, மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள்; அதில் இடைவெளி இன்னும் பெரிதாக, முப்பதுக்கும் கீழிருந்து தொண்ணூறுக்கும் மேல் வரை போனது. கணக்கின் விடை தவறாகவும் வழிமுறை சரியாகவும் இருந்தால் எவ்வளவு தருவது, படம் அலங்கோலமாக இருந்தால் எவ்வளவு குறைப்பது என்பதில் ஆளுக்கொரு கொள்கை இருந்திருக்கிறது. நம் பொதுத்தேர்வுகளில் விடைக்குறிப்பு தரப்படுகிறது, மாணவரின் அடையாளம் மறைக்கப்படுகிறது, உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாடுகள் நல்லவை. இவற்றால் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து காட்டினால் அவற்றின் மதிப்பும் உயரும். மாதிரித் தேர்வின் விடைத்தாள் ஒன்றை நகலெடுத்து இருபது ஆசிரியர்களிடம் விடைக்குறிப்போடும் வேறு இருபது பேரிடம் விடைக்குறிப்பு இல்லாமலும் கொடுத்தாலே போதும். மிக நன்றாக எழுதிய தாளுக்கு அடுத்து வரும் நடுத்தரமான தாள் பாதிக்கப்படுகிறதா, கட்டின் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் கை வேறுபடுகிறதா என்பவற்றையும் இதே முறையில் பார்த்துவிடலாம். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண்ணின் சிறு வேறுபாட்டில் பாடப்பிரிவும் கல்லூரியும் மாறிப்போகும் மாநிலத்தில் இது ஏட்டளவிலான ஆர்வம் அன்று.

என் யோசனைக்கு எழக்கூடிய தடைகளில் முதன்மையானது அச்சம். தம் மதிப்பீட்டைச் சோதிக்க வருகிறார்கள் என்றால் எந்த ஊழியரும் தயங்கவே செய்வார். அந்தத் தயக்கம் நியாயமானது. தவறு கண்டுபிடித்துத் தண்டிப்பதற்கு இந்த ஆய்வு பயன்படுமானால், ஒருமுறைக்கு மேல் எவரும் ஒத்துழைக்க மாட்டார்கள். ஆகவே பங்கேற்பவரின் பெயரையோ பணியிடத்தையோ மாணவர் குறித்துவைக்கவே கூடாது. எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். அவரவர் முடிவை அவரவரிடம் மட்டும் தனியே காட்டி விளக்க வேண்டும். மாதிரிகள் உண்மையான கொள்முதலிலிருந்தும் உண்மையான தேர்விலிருந்தும் முற்றிலும் விலகியவையாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் இந்த நிபந்தனைகளை வற்புறுத்தட்டும். தன் மதிப்பீடு எங்கே சறுக்குகிறது என்பதை அறியும் வாய்ப்பு இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. கொள்முதல் செய்த நெல் ஆலையில் எப்படி அரைபட்டது என்று பட்டியல் எழுத்தரிடம் யாரும் வந்து சொல்வதில்லை. நல்ல ஆய்வு அவருக்கு அந்த விடையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

வழிகாட்டும் பேராசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வினாப்பட்டியல் ஆய்வில் எப்படியும் ஒரு முடிவு வந்துவிடும், ஏடும் குறித்த நாளில் தயாராகிவிடும் என்பதால் அதையே திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஒரு மாணவி இருபது மாதிரிகளோடு ஐந்து பேரை மட்டும் ஆராய்ந்துவிட்டு வந்தாலும், அளந்தது துல்லியமாக இருந்தால், ஐந்நூறு பேரின் கட்டம் நிரப்பிய விடைகளுக்குக் குறைவாக அதை மதிப்பிடாதீர்கள். ஒருவரும் தவறவில்லை, எல்லோரும் சரியாகவே சொன்னார்கள் என்று முடிவு வந்தால் அதையும் முழு மதிப்பெண்ணுக்கு உரிய கண்டுபிடிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த அணி மாணவர்களுக்குத் தலைப்பு முடிவாகும் நேரத்தில், நுகர்பொருள் வாணிபக் கழகமும் பள்ளிக்கல்வித் துறையும் அருகிலுள்ள கல்லூரிகளுக்கு எழுத்துவழி அனுமதி தருவதற்கான எளிய நடைமுறை ஒன்றை அறிவிக்க வேண்டும். இப்போது ஒரு மாணவர் ஒவ்வொரு மேசையாக அலைந்து, வாய்மொழியாக ஒப்புதல் பெற்று, அதிகாரி மாறியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சம்பா அறுவடை பொங்கலை ஒட்டி வேகம் பிடிக்கும். அனுமதி டிசம்பருக்குள் கைக்கு வந்துவிட்டால், மாதிரிகளை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சேகரித்து, மார்ச்சில் கணக்கிட்டு, ஏட்டை உரிய நாளில் கொடுத்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.